பக்கத்து இருக்கைக்கும் கேட்கும்: சூலூரிலிருந்து மட்டாஞ்சேரிக்கு

இந்தப் பக்கத்தில் நான் இதுவரை எழுதியதெல்லாம் ஊர் சுற்றப் போன கதைகள். இது அப்படி இல்லை. மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு புதன்கிழமை, என் தங்கை செல்வியை ஏற்றிக்கொண்டு சூலூரிலிருந்து கொச்சி மட்டாஞ்சேரிக்கு ஓட்டிப் போனேன். எழுதுவதா வேண்டாமா என்று ரொம்ப நாள் குழம்பிவிட்டு அவளிடமே கேட்டேன். "எழுதுக்கா, நாலு பேருக்குப் புத்தி வரட்டும்" என்று சொல்லிவிட்டாள். அதனால் எழுதுகிறேன்.

செல்வியின் வீட்டுக்காரர் சண்முகம் மட்டாஞ்சேரியில் ஒரு தமிழ் மெஸ்ஸில் சமையல் மாஸ்டர். மாதம் ஒரு தடவை ஊருக்கு வந்துபோவார். ஒரே மகள் கௌசல்யா சேலத்தில் நர்சிங் படிக்கிறாள். அன்றைக்குக் காலை ஆறு மணிக்கு, மெஸ்ஸில் அவரோடு வேலை செய்யும் கண்ணன் எனக்கு போன் செய்தார். நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே சண்முகத்துக்கு உயிர் போய்விட்டது. கண்ணன் மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், பாதிக்குப் பாதி மலையாளம்தான் வரும். "அக்கா, சேச்சிகிட்ட இப்போ ஒண்ணும் பறைய வேண்டாம். சீரியஸ்னு மட்டும் சொல்லிக் கூட்டிட்டு வாங்க, கேட்டோ" என்றார். சேச்சி என்று அவர் சொல்வது செல்வியைத்தான்.

நம்மவர்கள் வழக்கமும் அதுதானே. நெருங்கின ஆள் வந்து சேருகிற வரைக்கும் செத்தவருக்கு உயிர் இருப்பதாகவே பேசுவோம். வழியில் அவர்களுக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிடக் கூடாதே என்று பயம். என் வீட்டுக்காரரும் அதையே சொன்னார், எங்கள் தாய்மாமாவும் அதையே சொன்னார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. வண்டி ஓட்டுகிறவள் நான். பக்கத்தில் அவள் அலறினால் என் கை ஸ்டியரிங்கில் நிற்குமா? மட்டாஞ்சேரி போய்ச் சேரும்வரை செல்விக்குத் தெரியக் கூடாது. அன்றைக்கு என் தலையில் இருந்த பொறுப்பு அது ஒன்றுதான்.

"மாப்பிள்ளைக்கு நெஞ்சுவலியாம், ஐ.சி.யூ.வுல வெச்சிருக்காங்களாம், கிளம்பு" என்றேன். அவள் போனை வாங்கி அணைத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். "யாரு கூப்பிட்டாலும் நான் பேசிக்கறேன், நீ கம்முனு வா" என்றதும் சரியென்று தலையாட்டினாள். காலை ஏழரைக்குக் கிளம்பினோம். சூலூரிலிருந்து மட்டாஞ்சேரி ஏறக்குறைய இருநூற்றுப் பத்து கிலோமீட்டர். நீலாம்பூரில் புறவழிச்சாலை பிடித்து, வாளையார் தாண்டிவிட்டால் பிறகு நேர் ரோடுதான்.

என் போனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் பேசும் குரலுக்கு நான் அம்மணி என்று பெயர் வைத்திருக்கிறேன். வண்டி ஓட்டும்போது நான் போனை நோண்டுகிறேன் என்று என் மகன் சண்டை போட்டு, எல்லாவற்றையும் வாயால் சொன்னாலே நடக்கும்படி செய்து கொடுத்தான். வழி சொல்வாள், போன் போடுவாள், வந்த செய்தியைக் கார் ஸ்பீக்கரில் சத்தமாகப் படிப்பாள். கை ஸ்டியரிங்கை விட்டு எடுக்கவே வேண்டாம். இத்தனை வருடம் இது இல்லாமல் எப்படி ஓட்டினோம் என்று போன வருடம் இதே பக்கத்தில் பெருமையடித்தவளும் நான்தான்.

பாலக்காடு தாண்டுகிறவரை செல்வி பேசிக்கொண்டே வந்தாள். எல்லாம் கஞ்சியைப் பற்றித்தான். "நொய்யரிசியில பூண்டு தட்டிப் போட்டு வெச்சா அவிய நல்லாக் குடிப்பாங்கக்கா. உப்பு மட்டும் கம்மி பண்ணோணும்." கொங்குப் பக்கத்தில் வீட்டுக்காரரை 'அவிய' என்றுதான் சொல்வோம். இனிமேல் கேரளாவுக்கே அனுப்பப் போவதில்லை, சூலூர் சந்தைக்குப் பக்கத்தில் தள்ளுவண்டி போட்டுக் கொடுத்துவிடலாம் என்றாள். நான் "ம்", "ஆமா", "பண்ணிறலாம்" என்று சொல்லிக்கொண்டு வந்தேன்.

வடக்கஞ்சேரி தாண்டியதும் அம்மணி திடீரென்று வாயைத் திறந்தாள். என் வீட்டுக்காரர் அனுப்பிய செய்தி. "மெதுவாகப் போ. மழை இருக்கு." என்று படித்துவிட்டு, "பதில் அனுப்பவா?" என்றாள். அவ்வளவுதான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவள் வருகிற செய்தியையெல்லாம் படிப்பாளே! எங்கள் சொந்தக்காரர்கள் குழு ஒன்று இருக்கிறது, அறுபது எழுபது பேர். எவராவது ஒருத்தர் ஒரு வரி போட்டால் போதும், செல்வியின் காதில் விழுந்துவிடும்.

செய்தி படிக்காதே என்று சொன்னால் அம்மணி நிறுத்திவிடுவாள். ஆனால் அதையும் வாய்விட்டுத்தான் சொல்ல வேண்டும், பக்கத்தில் இருக்கிறவள் ஏன் என்று கேட்பாளே. ஓரம் கட்டலாம் என்றால் முன்னாலும் பின்னாலும் லாரி. அதற்குள் குதிரான் சுரங்கப்பாதை வந்துவிட்டது. உள்ளே நிறுத்தக் கூடாது. சிக்னலும் போய்விட்டது. அந்த ஒரு கிலோமீட்டரும் எனக்கு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? வெளியே போனதும் முதல் வேலையாக ஓரம் கட்டி அணைத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன்.

வெளியே வந்த மறுநொடி ஒரேயடியாக எல்லாம் வந்து விழுந்தன. "சொந்தபந்தம் குழுவில் பதினோரு புதிய செய்திகள். தங்கராசு: ஆழ்ந்த இரங்கல். மணி மாமா: ஆழ்ந்த இரங்கல், ஓம் சாந்தி. ஈரோடு சித்தி: ஐயோ கடவுளே, எப்போ..." செய்தித்தாள் வாசிக்கிற மாதிரி, அழுத்தமும் இல்லை இரக்கமும் இல்லை. நான் ஒரு கையால் போனை ஸ்டாண்டிலிருந்து பிடுங்கினேன். வண்டி வலப்பக்கம் ஒதுங்கியது. பின்னால் வந்த டேங்கர் லாரி அடித்த ஹாரனில் காது அடைத்துப்போனது. எப்படியோ இடப்பக்கம் இழுத்து ஓரத்தில் நிறுத்தினேன். மயிரிழையில் இரண்டு பேரும் தப்பித்தோம்.

"யாருக்குக்கா இரங்கல்?" என்றாள் செல்வி.

"உடுமலைப் பெரியப்பா." நாக்கு அதுவாகச் சொன்னது. பெரியப்பா இன்றைக்கும் உடுமலையில் கல்லு மாதிரி இருக்கிறார். ஒரு நொடியில் அவரைக் கொன்றேன்.

"அட பாவமே. நல்ல மனுசன்." என் முழங்கையைத் தொட்டு, "அக்கா, அவியகிட்ட இப்பச் சொல்லிராத. பெரியப்பா மேல உசிரு அவிய‌ளுக்கு. நெஞ்சுவலிக்காரரு, தாங்க மாட்டாங்க. பொறவு பார்த்துக்கலாம்" என்றாள்.

நான் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, காருக்குப் பின்னால் போய் நின்று முகம் கழுவினேன். அழுகையையும் அதோடு சேர்த்துக் கழுவினேன். போனில் செய்தி படிப்பதை நிறுத்தினேன். வழி காட்டுவதையும் போன் போடுவதையும் அப்படியே விட்டேன். மட்டாஞ்சேரிச் சந்துகளில் வழி தெரியாமல் சுற்றினால் இன்னும் நேரம் ஆகுமே என்ற கணக்கு.

மண்ணுத்தி, சாலக்குடி, அங்கமாலி. பால வேலை நடக்கிற இடங்களில் வண்டிகள் ஊர்ந்தன. சாயா குடிக்கக்கூட எங்கேயும் நிறுத்தவில்லை. மற்ற பயணங்களில் சுங்கச் சாவடிக்கு எவ்வளவு போனது என்று உங்களுக்குச் சரியாகச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குப் பார்க்கத் தோன்றவில்லை. செல்வியும் பேச்சைக் குறைத்திருந்தாள். ஆலுவா பாலத்தில் ஏறும்போது மணி பதினொன்றரை. பெரியாற்றில் செந்நிறமாகத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. "அவிய போன் கண்ணன்கிட்டத்தானே இருக்கும்?" என்று கேட்டாள். "இருக்கும்" என்றேன்.

களமசேரிக்கு வந்து மெட்ரோ தூண்களுக்குப் பக்கத்தில் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தோம். செல்வி ஸ்டாண்டில் இருந்த போனைப் பார்த்து, நான் கூப்பிடுவது போலவே அம்மணியைக் கூப்பிட்டாள். "சண்முகம் மாப்பிள்ளைக்குப் போன் போடு" என்றாள். என் போனில் அவர் பெயர் அப்படித்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அம்மணிக்கு யார் சொன்னால் என்ன? "சண்முகம் மாப்பிள்ளையை அழைக்கிறேன்" என்றாள். கார் முழுக்க மணி அடிக்க ஆரம்பித்தது.

வேண்டாம், நிறுத்து என்று நான் சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தைதான். வரவில்லை. சொன்னாலும் அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குப் புரிந்திருக்கும்.

அந்தப் பக்கம் எடுத்தது கண்ணன். திரையில் என் பெயரைப் பார்த்து, நான்தான் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார். "அக்கா, எத்தாறாயோ, வந்து சேரப் போறீங்களா? ஆசுபத்திரில இருந்து பாடி கிட்டியாச்சு. மெஸ்லதான் கிடத்தியிருக்கோம். சேச்சிக்கு ஒண்ணும் தெரியல்லல்லோ?"

செல்வி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா? ஹலோ?" என்றார் கண்ணன்.

"நான் அவிய சம்சாரம் பேசறனுங்க" என்றாள் செல்வி. குரல் உடையவில்லை. "எந்நேரத்துக்குங்க போச்சு?"

"ஐயோ... சேச்சி..." கண்ணன் அழ ஆரம்பித்துவிட்டார். அழுதுகொண்டே சொன்னார். விடியற்காலையில் சாம்பாருக்குப் பருப்பு வேக வைத்துவிட்டு, நெஞ்சு அடைக்கிறது என்று உட்கார்ந்தாராம். ஆட்டோவில் கண்ணன் மடியில்தான் தலை இருந்ததாம். "வேதனை கூடுதல் இல்ல சேச்சி, சத்தியமாயிட்டு" என்றார். லைன் கட்டானதும் அம்மணி, எழுநூறு மீட்டரில் இடப்பக்கம் ஒதுங்கச் சொன்னாள்.

ஒதுங்கி நிறுத்தினேன். அலறுவாள் என்று பயந்துதானே இத்தனையும்? அவள் அலறவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். "கஞ்சி வைக்கறதைப் பத்தி நான் பேசிட்டே வந்தனே, நீயும் உம் கொட்டிட்டே வந்தியேக்கா" என்றாள். "பூண்டு போடறேன்னு சொன்னேன். தள்ளுவண்டி போடலாம்னு சொன்னேன். பண்ணிறலாம்னியே, எப்படிக்கா வாய் வந்துச்சு?"

"நீ தாங்க மாட்டீன்னு..." என்று இழுத்தேன்.

"நான் தாங்குவனா மாட்டனான்னு நீங்க எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணிட்டீங்க. அந்த குரூப்புல இருக்கற அத்தனை பேரும் எனக்கு முன்னாடி அழுது முடிச்சுட்டாங்க. எம் புருசனுக்கு அழுகறதுல நான்தான்க்கா கடைசி." இதைச் சொன்ன பிறகுதான் அழுதாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து அழுதாள். நானும் அழுதேன். என் மேலேயே எனக்கு அவ்வளவு ஆத்திரமாக இருந்தது.

இடப்பள்ளி, வைட்டிலா, குண்டன்னூர் வழியாகத் தோப்பும்படி பாலம் இறங்கி மட்டாஞ்சேரி போய்ச் சேரும்போது மணி ஒன்றேகால். கடைவீதியில் லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மெஸ்ஸுக்கு ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். சாப்பாட்டு மேசைகளை ஓரமாக அடுக்கிவிட்டு நடுவில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். தினமும் அங்கே சாப்பிடும் சுமைதூக்குகிறவர்கள் வாசலில் தலைத்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். செல்வி உள்ளே போய் அவர் காலடியில் உட்கார்ந்தாள். அதற்கு மேல் எழுத எனக்கு மனசில்லை.

இதே வழியில் போகிறவர்களுக்குச் சில விஷயம். காலை ஏழுக்கு முன்னால் கிளம்புங்கள், பால வேலை நடக்கிற இடங்களில் ஒரு மணி நேரம் போய்விடும். மட்டாஞ்சேரிக் கடைவீதிக்குள் பகலில் காரைக் கொண்டுபோகாதீர்கள். தோப்பும்படிப் பக்கம் நிறுத்திவிட்டு ஆட்டோ பிடிப்பது நல்லது. போன் செய்தி படிக்கிற வசதியை வண்டி எடுக்கும் முன்பே நிறுத்திவிடுங்கள். கை போனைத் தொடாமல் இருந்தால் கவனமும் ரோட்டில் இருக்கும் என்று நினைத்தேன், அது தப்பு. குதிரானில் என் இரண்டு கண்ணும் ரோட்டில்தான் இருந்தன, புத்தி முழுக்க அந்த ஸ்பீக்கரில் இருந்தது. முக்கியமாக, காரில் இன்னொருவர் இருந்தால் அந்தக் குரல் உங்களுக்கு மட்டும் பேசுவதில்லை, உங்கள் பேச்சை மட்டும் கேட்பதும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. அன்று மூன்று மணிக்கு எங்கள் தாய்மாமா போன் செய்தார். சேலத்தில் கௌசல்யாவுக்கு இன்னும் சொல்லவில்லை, அவள் அந்தக் குழுவிலும் இல்லை, அப்பாவுக்கு சீரியஸ் என்று மட்டும் சொல்லிக் கிளப்பிவிடு, சின்னப் பெண், பஸ்ஸில் தனியாக வரவேண்டுமே என்றார். நானும் அப்படியே சொல்லலாம் என்று அவள் எண்ணைப் போட்டேன். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே செல்வி எழுந்து வந்து என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"சாமி, அம்மா பேசறேன். அப்பா செத்துப் போயிட்டாரு. காலைலயே போயிட்டாரு." அந்தப் பக்கம் கத்துவது எனக்கே கேட்டது. கத்தி ஓய்கிற வரைக்கும் செல்வி போனைக் காதிலேயே வைத்திருந்தாள். "நாங்க அப்பாவைக் கூட்டிட்டு சூலூருக்கு வந்துருவோம். நீ பஸ் ஏறி வீட்டுக்கு வா. ஜன்னலோரம் உக்காரு. வழி பூரா அழுதுட்டே வா சாமி, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."