அப்டேட் போட்டதுலேர்ந்துதாங்க இப்படி

கார் சர்வீஸ் சென்டரில் அட்வைசர் என்றால், வண்டி செய்த தப்புக்கு வண்டிக்குப் பதிலாகத் திட்டு வாங்குகிறவர் என்று அர்த்தம். பெரம்பலூரில் நெடுஞ்சாலை ஓரத்து சர்வீஸ் சென்டர் ஒன்றில் அந்த வேலையைத்தான் நான் பார்க்கிறேன். முன்பெல்லாம் தேய்ந்த பிரேக் கட்டையையோ அறுந்த பெல்ட்டையோ கையில் எடுத்துக் காட்டி, "இதாங்க போச்சு" என்று சொல்லிவிடலாம். இப்போது இன்ஜினுக்கு ஒரு கன்ட்ரோல் மாடியூல், பிரேக்குக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று என்று வண்டிக்குள் ஏகப்பட்ட மூளைகள். செல்போனுக்கு வருவதுபோல அவற்றுக்கும் அப்டேட் வருகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை மாற்றிவிட்டு, மாற்றினோம் என்று நம்பவைக்க வேண்டும். கரண்ட் ஆபீசிலோ பேங்க் கவுண்டரிலோ உட்கார்ந்து, தான் செய்யாத தப்புக்குப் பதில் சொல்லிப் பழகியவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

எங்கூட்டுச் சோளம்

செட்டிகுளத்து மக்காச்சோள வியாபாரி ரெங்கராஜ், இன்ஜினுக்கு அப்டேட் போட்டுக்கொண்டு போன கொஞ்ச நாளில் திரும்பி வந்தார். கூடவே சாட்சிக்கு இரண்டு பேர். டேஷ்போர்டில் இருக்கிற விளக்கு அத்தனையும் எரிந்தது. "நல்லா ஓடுன வண்டிங்க. நீங்க அப்டேட் போட்டதுலேர்ந்துதான் இப்படி" என்றார். கூட வந்தவர்கள் தலையாட்டினார்கள். ஸ்கேனரை மாட்டினால் ஒரு மாடியூலுக்கும் இன்னொரு மாடியூலுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை என்று காட்டியது.

அப்டேட்டில் குறை இருந்தால் ஏதாவது ஒன்று கெடும். இப்படி எல்லாம் சேர்ந்து ஊமையாகாது. வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள் என்று கேட்டேன். குடோனுக்குள், மூட்டைக்குப் பக்கத்தில், நல்ல நிழல் என்றார். எங்கள் டெக்னீஷியன் முபாரக்கிடம் லேப்டாப்பை மூடிவிட்டு அடியில் இருக்கும் கவரைக் கழற்றச் சொன்னேன். கழற்றியதும் சோளக் கருது ஒன்று உருண்டு விழுந்தது. அதற்கு மேலே, வயர் கட்டு செம்பு தெரியக் கடிபட்டுக் கிடந்தது. சாட்சிகள் இருவரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். ரெங்கராஜ் கருதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்கூட்டுச் சோளம்தாங்க இது. அப்போ எலியும் எங்கூட்டு எலிதான்."

கொணமாயிடக் கூடாது

அரியலூரில் ரிட்டையர் ஆகி வீட்டோடு இருக்கும் ஒருவர் புது டீசல் கார் வாங்கியிருந்தார். காலையில் மார்க்கெட், சாயங்காலம் கோயில், இரண்டும் கூப்பிடு தூரம். வண்டியில் மஞ்சள் விளக்கு எரிந்தது. அப்டேட் போட்டு அணைத்து அனுப்பினோம். திரும்பவும் எரிந்தது. என் மேஜைக்கு வந்தவர், பெரியவங்க யாராச்சும் இருந்தால் கூப்பிடும்மா என்றார். பெரியவர்கள் எல்லாரும் மீட்டிங்கில் இருந்ததால் நானே சொன்னேன். இப்போதைய டீசல் வண்டிகளில் புகைக் கரியைப் பிடித்துவைக்க ஒரு வடிகட்டி இருக்கிறது. கரி சேர்ந்தால் கன்ட்ரோல் மாடியூலே அதை எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். ஆனால் அதற்கு வண்டி நிற்காமல் கொஞ்ச நேரம் வேகமாக ஓட வேண்டும். வாரம் ஒருமுறை எங்கேயாவது தூரமாக ஓட்டிப் போங்கள், விளக்கு வராது என்றேன். தொல்லை தாங்காமல் ஊரை விட்டே துரத்துகிறேன் என்று நினைத்திருப்பார். சாவியை வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த சர்வீசுக்கு மனைவியோடு வந்தார். விளக்கு அதற்குப் பிறகு எரியவே இல்லையாம். அவர் வண்டியைக் காட்டப் போன நேரத்தில் அந்த அம்மா என் பக்கம் குனிந்து, மெதுவாகச் சொன்னார். "கல்யாணம் ஆனதுலேர்ந்து கேக்குறேன்மா, எங்கயும் கூட்டிட்டுப் போனதில்ல. வண்டிக்கு ஒடம்பு சரியில்லன்னதும் ஸ்ரீரங்கம் பாத்தாச்சு, கல்லணை பாத்தாச்சு. அது சீக்கிரம் கொணமாயிடக் கூடாது."

வூடுன்னா தெரியாதா

ஒன்றில் நான் தோற்றேன், அதையும் சொல்லிவிடுகிறேன். என் சொந்த ஊரான செந்துறையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர். புது அப்டேட் போட்டால் வண்டி தமிழில் சொன்னால் கேட்கும் என்று நான்தான் ஆசை காட்டினேன். ஸ்டியரிங்கில் இருக்கும் பட்டனை அமுக்கிக்கொண்டு, வூட்டுக்கு வழி காட்டு என்றார். புரியவில்லை, மீண்டும் சொல்லவும் என்றது வண்டி. அக்கா குரலை ஏற்றினார். அதற்கும் அதே பதில். வீடு என்று நிறுத்திச் சொல்லிப் பாருங்கக்கா என்றேன். அக்கா பட்டனிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏன்டி, நம்மூரு ரோட்டுல ஓடுற வண்டிக்கு வூடுன்னா தெரியாதா?"

அந்தச் சத்தம்

உடையார்பாளையத்துப் பண்ணையார் ஒருவருக்கு சீட் பெல்ட் போடும் பழக்கம் இல்லை. போடாவிட்டால் வண்டி டிங் டிங் என்று கத்தும். லேப்டாப்பில் ஒரு தட்டு தட்டி அதை நிறுத்து என்றார். முடியாதுங்க ஐயா என்றேன். மேனேஜரிடம் போனார். அங்கேயும் அதே பதில். இந்தப் பக்கமே வர மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். சத்தம் தாங்காமல் பெல்ட்டைப் போட ஆரம்பித்திருக்கிறார்.

பல மாதம் கழித்து அவருடைய வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று அரியலூர் சாலையில் திடீரென்று நிற்க, பின்னால் போய் மோதியிருக்கிறார். முன்பக்கம் முழுக்க நசுங்கிப்போய், ஏர்பேக் வெடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. பின்னாலேயே ஆட்டோவில் அவர் வந்து இறங்கினார். மணிக்கட்டில் ஒரு கட்டு, அவ்வளவுதான். பெல்ட் போட்டிருக்கிறதா என்று பார்ப்பதும் ஏர்பேக் மாடியூல்தான், அதைப் புதிதாக மாற்ற வேண்டும் என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஒம்மேல எனக்கு ரொம்ப நாளா கோவம்மா. இப்ப இல்ல. புதுசுலயும் அந்தச் சத்தம் வருமான்னு மட்டும் பாத்துக்க."

முடிச்சு

ஏலாக்குறிச்சி சூசைராஜ் அண்ணன் வண்டி, மெதுவாகப் போகும்போது திக்கித் திணறி நின்றுவிடும். இன்ஜின் மாடியூலுக்கு அப்டேட் போட்டால் தீரும். ஆனால் மறுநாள் அவர் மகளுக்குக் கல்யாணம். பெண் அந்த வண்டியில்தான் கோயிலுக்குப் போக வேண்டும். நடுவழியில் நின்று மானத்தை வாங்கும், இன்றைக்கே முடித்துக் கொடு என்றார். ஒத்துக்கொண்டேன்.

அப்டேட் பாதி ஏறியிருக்கும்போது கரண்ட் போனது. ஜெனரேட்டர் முக்கி முனகியது, கிளம்பவில்லை. அப்டேட் ஓடும்வரை வண்டியின் பேட்டரி சோர்ந்துவிடாமல் தாங்கிப் பிடிப்பது கரண்டில் ஓடும் ஒரு சார்ஜர்தான். அது அணைந்ததும் லேப்டாப் திரையில் வோல்ட் இறங்க ஆரம்பித்தது. ஒரு அளவுக்குக் கீழே போனால் அப்டேட் நின்றுவிடும், மாடியூல் செத்துவிடும், புதிது சென்னையிலிருந்து வர வேண்டும். கல்யாணம் அதுவரை காத்திருக்காது. நிறுத்திடலாமா என்று முபாரக் கேட்டார். நிறுத்தினாலும் செத்துவிடும்.

வாசலில் டெஸ்ட் டிரைவ் வண்டி நின்றது. யாரையும் கேட்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு ஓடி, அதைக் கிளப்பிக் கொண்டுவந்து மூக்கோடு மூக்கு நிறுத்தினேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, முபாரக் பிஸ்மில்லா சொல்லி இரண்டு பேட்டரிக்கும் கேபிளை மாட்டினார். வோல்ட் ஒரு நொடி ஆடியது, நின்றது, ஏறியது. பட்டறையே கூடிவிட்டது. திரையில் கோடு கடைசிவரை போய் பச்சையானதும் முபாரக் அல்ஹம்துலில்லாஹ் என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஸ்டார்ட் செய்தேன். திக்கலும் இல்லை, திணறலும் இல்லை. நான் சிரித்தேனா அழுதேனா என்று இப்போதும் பட்டறையில் ஒரு வாக்குவாதம் உண்டு.

பெண் மறுநாள் அதே வண்டியில்தான் கோயிலுக்குப் போனது. பட்டறையில் இத்தனையும் நடந்தபோது சூசைராஜ் அண்ணன் வெளியே நின்று மாலைக்காரரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். உள்ளே வந்தவர், கேபிளோடு எதிரெதிரே நின்ற இரண்டு வண்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னம்மா, நாளைக்கு எம் பொண்ணுக்குத்தான் கல்யாணம்னு பாத்தா, இங்க வண்டிங்களுக்கே முடிச்சுப் போட்டுட்டீங்க போலிருக்கே."

ஆக, வண்டியைச் சரிபண்ண ஒரு லேப்டாப் போதும், வண்டிக்காரரைச் சரிபண்ணத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.