கறுப்புக் கயிற்றில் தொங்கிய கண்ணாடி

கயிற்றில் கோத்த மூக்குக்கண்ணாடியை யார் கழுத்தில் கண்டாலும் எனக்கு மருந்துக்கடை அக்காவின் கை நினைவுக்கு வந்துவிடும். நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த ஸ்ட்ரெதமின் கடைத்தெருவில், பஸ் தரிப்புக்கு எதிரே இருந்தது அவருடைய கடை. எதைக் கேட்டாலும் அந்தக் கை முதலில் நெஞ்சுக்குப் போகும், கறுப்புக் கயிற்றில் தொங்கும் கண்ணாடியை மூக்கில் ஏற்றும், பிறகு தடித்த மருந்துப் புத்தகத்தைத் திறக்கும். "பொறுங்கோ, பாத்துச் சொல்லுறன்." இருமல் மருந்துக்கும் அதுதான், இருதய மருந்துக்கும் அதுதான். புதிய பதிப்பு வந்த அன்றே பழைய புத்தகம் தேநீர்க் கேத்திலுக்கு அடியில் போய்விடும். பின்னாளில் எல்லாம் கம்பியூட்டரில் வந்தபோதும் கை நெஞ்சுக்குப் போவது நிற்கவில்லை.

எங்கள் சனத்துக்கு அது பிடிபடவில்லை. கேட்டவுடன் பதில் சொல்பவர்தான் கெட்டிக்காரர் என்று நினைக்கிறவர்கள் நாங்கள். வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர், "உந்தப் புத்தகத்தைத் தந்தால் நாங்களே பாப்பம்தானே" என்றார். அக்கா தலை நிமிரவில்லை. "தாறன் அண்ணை. கண்ணாடியும் வேணுமோ?" இப்படி ஆட்கள் சொல்வதை மனதில் பொறுக்கி வைப்பது என் பழக்கம். ஆனால் அவர் எனக்கென்று சொன்னதைப் பொறுக்கத் தேவையே இருக்கவில்லை. அது தானாகவே தங்கிவிட்டது.

முதன்முதலாகப் பிள்ளைத்தாய்ச்சியானபோது நான் வலிப்புக்குக் குளிசை எடுத்துக்கொண்டிருந்தேன். அது வயிற்றுப் பிள்ளையைப் பழுதாக்கும், இன்றைக்கே நிறுத்து என்று மாமி தொலைபேசியில் அழுதார். நிறுத்தினால் வலிப்பு வந்து விழுந்துவிடுவேனே என்று எனக்குப் பயம். ஓம் அல்லது இல்லை, ஒரு சொல் போதும் என்று கடைக்கு ஓடினேன். அக்கா என்னை ஸ்டூலில் இருத்திவிட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். பிறகு ஆஸ்பத்திரியில், மருந்தாளர்களின் சந்தேகங்களுக்குத் தேடிப் பதில் சொல்வதற்கென்றே இருக்கிறவர்களைப் போனில் அழைத்தார். பார்த்துவிட்டுத் திரும்ப எடுக்கிறோம் என்றார்களாம். எனக்குக் கோபம் வந்தது. உங்களுக்குத் தெரியாதா அக்கா என்று கேட்டேன்.

"தெரியும் பிள்ளை. நான் படிச்ச காலத்தில தெரிஞ்சது. அதை நம்பி உன்ர பிள்ளையை விட ஏலாது."

பதில் வந்தது. நானாக நிறுத்தக் கூடாது, குளிசையை மாற்ற வேண்டியிருக்கலாம், அதை விசேட மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும், அதுவும் உடனே. என் டாக்டரை அழைத்து, அதற்கு ஒழுங்கு செய்த பிறகுதான் அக்கா போனை வைத்தார். ஆஸ்பத்திரியில் குளிசையை மெல்ல மெல்ல மாற்றினார்கள். மகள் நல்ல சுகத்தோடு பிறந்தாள்.

அக்கா இப்போது குரோய்டனில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். போன மாதம் மகளோடு போனேன். தலைமுடியைக் கட்டையாக வெட்டியிருந்தார்கள். கழுத்தில் சுற்றிவிடும் என்று கயிற்றையும் கழற்றிவிட்டார்களாம். என்னைத் தெரிகிறதா அக்கா என்று குனிந்து கேட்டேன். என் முகத்தையே பார்த்தார். கை நெஞ்சுக்குப் போனது. கம்பளிச் சட்டையின் மேல் அங்கும் இங்கும் தடவித் தேடியது.

"பொறுங்கோ," என்றார். "பாத்துச் சொல்லுறன்."

மகள் என் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். பக்கத்தில் கிடந்த கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, அக்கா பார்த்துச் சொல்லட்டும் என்று இருந்தேன்.