பதினெட்டாவது கையெழுத்து

கடைவீதிக்குப் பின்சந்தில் இருந்த மூன்று மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தையல்கடை வைத்திருந்தவளை எல்லோரும் டெய்லரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் சொன்ன தேதிக்குத் துணியைத் தந்துவிடுவாள். அவள் பேச்சுக்கு அங்கே மதிப்பிருந்தது. அதனால்தான் மறுமேம்பாட்டுத் திட்டத்துக்காரர்கள் நேராக அவளிடம் வந்தார்கள். இடித்துவிட்டு அதே இடத்தில் புது வீடு, லிஃப்டோடு, இரண்டே வருஷம். பதினெட்டு வீட்டுக்காரர்களும் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்கள்.

அவள் புருஷனுக்கு முழங்கால் போய், மூன்றாம் மாடி வீட்டைவிட்டுக் கீழே இறங்காமல் ஒரு வருஷமாகியிருந்தது. லிஃப்ட் என்றதுமே அந்தப் பேச்சில் விழுந்துவிட்டாள். தன் கையெழுத்தை முதலில் போட்டுவிட்டு, வீடு வீடாக ஏறி இறங்கினாள். இரண்டாம் மாடிப் பூட்டுக்காரர் மட்டும் பிடிகொடுக்கவில்லை. நாலு தடவை போனாள்.

"என்மேல நம்பிக்கை இல்லையாண்ணே?"

அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு பேனாவை வாங்கிக்கொண்டார்.

ஏழு வருஷம் ஒரு செங்கல்கூட அசையவில்லை. இடிக்கப்போகிற கட்டடத்தைப் பழுதுபார்க்க அனுமதி கிடையாது என்று திட்ட அலுவலகத்தில் கைவிரித்தார்கள். சுவரெல்லாம் ஓதம் ஏறியது. வாடகைக்கு வர ஆளில்லை. வீட்டை விற்கவும் வழியில்லை. ஒரு மழைநாள் காலையில் பூட்டுக்காரரின் மனைவி துணி எடுக்கப் பால்கனிக்குப் போனாள். பால்கனி அவளோடு கீழே வந்தது. உயிர் தப்பியது, இடுப்பு தப்பவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பூட்டுக்காரர் டெய்லரக்காவைத் திட்டவில்லை.

"உன்னைச் சொல்லி என்னம்மா ஆகப்போகுது? போட்டது நான்தானே."

இதற்கு நாலு அறை விட்டிருக்கலாம் என்றிருந்தது அவளுக்கு.

மறுநாளே அலுவலகத்துக்குப் போனாள். பழைய ஆட்கள் ஒருவரும் இல்லை. புதிதாக வந்திருந்த அதிகாரி கோப்பைப் புரட்டிவிட்டு, திட்டம் இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது என்றார்.

"அப்ப எங்க கையெழுத்தைத் திருப்பிக் கொடுத்துடுங்க சார். நாங்களே ரிப்பேர் பண்ணிக்கிறோம்."

"திட்டம் ரத்தானாத்தான்மா அது முடியும். ரத்து பண்ண கமிட்டி கூடணும். அந்தக் கமிட்டியையே இன்னும் போடல."

அவர் கேலி செய்யவில்லை. உள்ளதைத்தான் சொன்னார்.

சாயங்காலம் மாடிப்படியில் எல்லோரையும் கூட்டி, ஒன்றுவிடாமல் சொன்னாள். தன் தப்புதான் என்றாள். ஒவ்வொருவராக எழுந்து மேலே போனார்கள். அதற்குப் பிறகு, கிழிந்த சட்டையைக்கூட இரண்டு தெரு தள்ளிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

அடுத்த மாதம் பூட்டுக்காரர் ஊருக்கு வெளியே மகள் வீட்டுக்குக் கிளம்பினார். டெய்லரக்கா ஓடிப்போய் ஒரு மூட்டையைத் தூக்கினாள். அவர் அதை மெதுவாக அவள் கையிலிருந்து வாங்கி, தானே வண்டியில் ஏற்றினார். உள்ளே படுத்திருந்த மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வண்டி போனதும் டெய்லரக்கா ஷட்டரை இறக்கிவிட்டு மேலே ஏறினாள். பட்டப்பகலில் ஏன் வந்துவிட்டாய் என்று புருஷன் கேட்டான்.

"தைக்க ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு, அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.