கிள்ளான் சவாரிக்கு ஒரு கார்

வாலண்டைனும் மகன் பேசிலும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, காரின் நான்கு மூலைகளையும் அமுக்கிப் பார்த்தது. சனிக்கிழமை பிற்பகல். பிரிக்பீல்ட்ஸில் வீட்டுக்கு முன்னால், தூங்குமூஞ்சி மர நிழலில் வாலண்டைன் சவாரிக்கு ஓட்டும் வாடகைக் கார் நின்றது.

மட்கார்டில் இரண்டு கைகளையும் ஊன்றி, உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு அமுக்கிவிட்டுச் சட்டென்று கையை எடுக்க வேண்டும். ஷாக் அப்சார்பர் நன்றாக இருந்தால் கார் ஒருமுறை எழும்பி அடங்கிவிடும். முன்பக்கம் இரண்டும் அடங்கின. பின்பக்கம் ஆடிக்கொண்டே இருந்தது.

"தொட்டில் மாதிரி ஆடுது பாரு. பிள்ளைத்தாச்சிக்கு நல்லதுதானே?" என்றார் வாலண்டைன்.

"ஒரு குழியில இறங்குனா அவங்க தலை கூரையில இடிக்கும்ப்பா."

பிள்ளைத்தாச்சி என்றது, கிள்ளான் ஊரில் இருக்கும் வாடிக்கைக்காரர் சின்னையாவின் மனைவி தங்கமணியை. இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன. இது மூன்றாவது. வரும் வெள்ளிக்கிழமை வளைகாப்பு முடிந்ததும் அவளைப் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் தாய்வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். உடம்பு குலுங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரயில் கூட்டத்தில் ஏற அவளுக்குப் பயம். வாலண்டைன் கார் என்றால் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

பேசில் காருக்கு அடியில் புகுந்தான். செந்தூல் ரயில் பட்டறையில் பயிற்சி முடித்த ஃபிட்டர் அவன். அந்தக் காரின் ஷாக் அப்சார்பரில் மரத் தட்டையும் இரும்புத் தட்டையும் மாற்றி மாற்றி அடுக்கி, நடுவில் ஒரு போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். தட்டுகள் ஒன்றையொன்று உரசித்தான் துள்ளலை அடக்கும். பேசில் விரலால் தடவி மோந்து பார்த்தான்.

"இதுல என்னப்பா ஊத்துனீங்க?"

"கீச்சுகீச்சுன்னு கத்துச்சு. கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டேன். அப்புறம் சத்தமே இல்ல."

"உரசுறதுக்குத்தானே இதை வெச்சிருக்கான். எண்ணெய் விட்டா எப்படி உரசும்?"

"கதவு கத்துனப்ப விட்டேன், அடங்கிடுச்சு. இதுக்கும் அதே மருந்துன்னு நெனச்சேன் லா."

வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த வாலண்டைனின் மனைவி சாந்தமேரி தலை நிமிராமல் சொன்னாள்: "தலைக்கு வைக்க எண்ணெய் இல்லாம நான் பாசாருக்கு ஓடுனேன். இங்க கார் எண்ணெய் தேச்சுக் குளிச்சிருக்கு."

மூவரில் அதிகம் சிரித்தவர் வாலண்டைன்தான். அப்போதே போய்ப் புதுத் தட்டுகள் வாங்கிவந்தார். அதிகம் இறுக்கினால் கார் கட்டை போல விறைத்துவிடும், தளர்த்தினால் துள்ளும். அப்பா அமுக்க, மகன் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினான். விளக்கு வைப்பதற்குள் கார் அடங்கிவிட்டது.

வாலண்டைன் பிறந்தது ரயில்வே லைன் வீட்டில். தண்டவாளக் கூலியின் மகன். ஒரு தோட்டத்துத் துரைக்கு வெகுகாலம் கார் ஓட்டினார். துரை சீமைக்குத் திரும்பியபோது அந்தக் காரையே வாங்கிக்கொண்டார். இரண்டாவது கார் வாங்கலாமே என்று யாராவது சொன்னால், "ரெண்டுலயும் நானா உக்காந்து ஓட்ட முடியும்?" என்பார். தைப்பூசத்தன்று பத்துமலைக்குச் சவாரி அடிப்பார். கிறிஸ்தவ வேதக்காரர்தான், ஆனாலும் அன்றைக்கு மீன்கூடத் தொடமாட்டார். கூட வருகிறவர்கள் விரதம் இருக்கும்போது தான் மட்டும் ஏப்பம் விடுவது அழகில்லையாம்.

அவர் வேகமாக ஓட்டி யாரும் பார்த்ததில்லை. கார் நிறுத்தத்தில் பக்கிரிசாமி என்ற டிரைவர் தினமும் சீண்டுவார்.

"வாலண்டைன் அண்ணே, இன்னிக்குக் கிள்ளானுக்குப் போனா என்னிக்குத் திரும்புவீங்க?"

"உன் காரைத் தள்ளிவிட ஆள் தேடுவ பாரு, அதுக்குள்ள வந்துடுவேன்."

புதன்கிழமை கருவாட்டுக் குழம்பு ஊற்றி இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டார். சாய்வு நாற்காலியில் சாய்ந்தார். காப்பி ஆறிக்கொண்டிருந்தது. சாந்தமேரி வந்து தோளைத் தொட்டபோது அவர் இல்லை.

வியாழக்கிழமை அடக்கம். கல்லறையிலிருந்து திரும்பியபோது சின்னையா வீட்டுக்குள் வராமல் தெருவிலேயே நின்றார். பக்கத்தில் பக்கிரிசாமியும் அவர் காரும்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கு வளைகாப்பு. சாவு வீட்டுக் கார்ல அவளை ஏத்த..."

"தெரியுதுண்ணே. பக்கிரிசாமி அண்ணன் காரா?"

"ஆமா. ஆனா அவளுக்கு மனசே இல்ல. இப்பவே அழுறா."

பேசில் கறுப்புக் கோட்டோடு பக்கிரிசாமியின் காருக்குப் பின்னால் போய் மட்கார்டை அமுக்கிவிட்டான். கார் எழும்பியது, இறங்கியது, மறுபடி எழும்பியது. சின்னையாவின் முகம் வெளுத்தது.

"வாங்குன நாள்லேருந்து இப்படித்தான் லா," என்றார் பக்கிரிசாமி, சுருதி குறைந்து.

இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே ரகம். பேசில் சின்னையாவைப் பார்த்தான். "எங்க கார்ல இருக்கிற ஷாக் அப்சார்பரைக் கழட்டி இதுல மாட்டுறேன். உங்க வீட்டுல ஒத்துக்குவாங்களா?"

சின்னையா யோசித்தார். "இரும்புக்கு ஏது தீட்டு? மாட்டுங்க தம்பி. என் மாமியார்கிட்ட மட்டும் வாயைத் திறக்காதீங்க."

மறுநாள் விடிந்ததும் பேசில் வேலையைத் தொடங்கினான். நட்டைத் திருப்பியபோது, அமுக்குவதற்கு ஆள் வேண்டியிருந்தது. பக்கிரிசாமி அமுக்கினார். அவர் கை கனம் போதவில்லை. சாந்தமேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து தானும் சேர்ந்து அமுக்கினாள். கார் ஒருமுறை எழும்பி நின்றது.

"கிள்ளான் ரோட்டுல அந்தப் பத்து தீகா வளைவு வரும்போது மெதுவா போங்கண்ணே," என்றான் பேசில்.

"உங்கப்பா மாதிரியே போறேன். யாரு சிரிச்சாலும் சரி."

மத்தியானம் தங்கமணி தாய்வீட்டில் சுகமாக வந்து இறங்கினாள் என்று செய்தி வந்தது. பேசில் சாப்பிட உட்கார்ந்தான். அப்பா ஒப்புக்கொண்டு போகாமல் விட்ட சவாரி, அவனுக்குத் தெரிந்து, அது ஒன்றுதான்.