ஐந்தாம் மேட்டில் தூற்றிய மண்

வீட்டை விட்டுக் கிளம்பும்போதே எனக்கு எரிச்சல். சண்டிலிப்பாயிலிருந்து யாழ்ப்பாணம் போகும் முதல் மினிபஸ் ஐந்தரைக்கு என்றார்கள். ஆறு மணிக்குத்தான் வந்தது. வந்ததும் ஒவ்வொரு ஒழுங்கை வாசலிலும் நின்று ஆள் கூப்பிட்டது. கார்த்திகை மாதத் தூறல். இவர், அதாவது என் வீட்டுக்காரர், குடையோடு சந்தி வரைக்கும் வந்து நின்றார். நீங்களும் வாருங்கள் என்று ஒரு கிழமையாகக் கேட்டிருந்தேன்.

"நானும் வந்தா மேசனோடை ஆர் நிக்கிறது? தையிலை பிள்ளைக்குக் கலியாணம். அதுக்குள்ளை அறை முடியவேணுமெல்லோ. நீர் போட்டு வாரும்," என்றார்.

மகளுக்கும் வரப்போகும் மருமகனுக்குமாக வீட்டு முன்பக்கத்தில் ஓர் அறை இழுத்துக் கட்டுகிறோம். அதைச் சொல்லியே மனுசன் தப்பிவிட்டது. நான் தையல்காரி. வருடம் முழுக்க மெசின் மிதிக்கிற கால்களை ஒரு நாளாவது நடக்க விடவேண்டும் என்று கார்த்திகையில் எங்காவது கிளம்பிவிடுவேன், வந்து அதைக் கட்டுரையாக எழுதவும் செய்வேன். இந்த முறை மலை ஏறப்போகிறேன் என்று சொன்னபோது அயலில் எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிக்க என்ன இருக்கிறது? யாழ்ப்பாணத்தில் மலை இல்லைதான். கீரிமலைக்குப் போனால் கேணி இருக்கிறது, கடல் இருக்கிறது, மலையைக் காணோம். ஆனால் வடமராட்சியின் கிழக்குக் கரையில் கடலோரமாக மணல் மேடுகள் வரிசையாக நிற்கின்றன. தென்னைமர உயரம் வரும். தரையெல்லாம் தட்டையாகக் கிடக்கிற ஊரில் பிறந்தவளுக்கு அது மலைதான். என் சிநேகிதி புஷ்பராணியின் கிராமத்தைச் சுற்றி அப்படி ஐந்து உச்சிகள். ஒரே நாளில் ஐந்தையும் ஏறி இறங்குவது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் எத்தனையோ வருடத்துப் பேச்சு. இடம்பெயர்ந்து ஒரே கூடாரத்தில் கிடந்த நாட்களில் பிடித்த சிநேகிதம் அது.

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு நூற்றெண்பது ரூபாய். முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர். வல்லை வெளியைக் கடக்கும்போது ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் கன்னங்கரேலென்று மழை. மூடாத யன்னலோரச் சீற்றில் இருந்ததால் மழைப்பக்கம் முழுவதும் என் தோளில் இறங்கியது. கொண்டக்டரிடம் சொன்னேன். "யன்னல் இறுகிப்போச்சக்கா, என்ன செய்யிறது," என்று பல்லைக் காட்டினான். பருத்தித்துறையில் இறங்கி ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு ஆயிரத்து ஐந்நூறு பேசி ஓட்டோ பிடித்தேன். ராணியின் ஊர்ப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதாதே என்று அவள் கேட்டுக்கொண்டாள். காரணம் பிறகு தெரியும்.

ஒன்பது மணிக்கு ராணி வாசலில் செருப்பில்லாமல் நின்றாள். கையில் ஒரு பை. அதற்குள் எண்ணெய்ப் போத்தல், திரி, நெருப்புப்பெட்டி, சின்னதாய் ஒரு மண் சிட்டி விளக்கு. நான் கொண்டுவந்தது பாண், சம்பல், மழைச் சட்டை.

"செருப்பைக் கழட்டு. மண்ணுக்குள்ளை புதையும்," என்றாள்.

"முள்ளுக் குத்துமே?"

"குத்தினா எடுப்பம். வா."

முதல் மேடு சவுக்குத் தோப்பைத் தாண்டி நின்றது. ஏறுவது என்றால் சும்மா இல்லை. இரண்டு அடி வைத்தால் ஒரு அடி வழுக்குகிறது. இராவணன் மீசைப் புல் கணுக்காலைப் பிய்க்கிறது. கையாலும் காலாலும் தவழ்ந்து உச்சிக்குப் போனபோது மேகம் விலகி வெயில் அடித்தது. கடல் பச்சையாகத் தெரிந்தது. ஆகா என்று ஒரு வார்த்தை வாயில் வந்தது, அதோடு நாள் முடிந்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும்.

இரண்டாவது உச்சியில் மனிதர் வந்துபோன அடையாளம் இருந்தது. பியர்ப் போத்தல்கள், பிரியாணி சாப்பிட்ட பெட்டிகள், யாருடையதோ பிறந்தநாள் பலூன் துண்டுகள். "படம் எடுக்க வாற சனம்," என்றாள் ராணி. உடைந்த போத்தல் ஒன்று என் குதிக்காலில் கிழித்துவிட்டது. வந்தவர்களின் பிறப்பு வளர்ப்பு எல்லாவற்றையும் இழுத்து நான் திட்டினேன். ராணி என் பாதத்தைத் தன் முந்தானைத் துண்டால் கட்டிவிட்டுச் சிரித்தாள்.

"உன்ரை வாய் இன்னும் குறையேல்லை."

"ஏன் குறையவேணும்? நீங்கள் ஒருத்தரும் கேக்கிறேல்லை. அதுதான் வந்து இப்பிடிச் செய்யிறாங்கள்."

அப்போதே காற்று மாறியது. கடலுக்கு மேல் ஒரு கறுப்புத் திரை எழும்பி எங்களை நோக்கி வந்தது. இறங்குவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சாய்ந்து அடிக்கிற வாடை மழை. மண்ணையும் சேர்த்து முகத்தில் அறைந்தது. மழைச் சட்டை காற்றில் தலைக்கு மேலே போய்விட்டது. ஒரு தாழைப் பற்றைக்குள் குந்தியிருந்து நனைந்த பாணைத் தின்றோம். கால் மணித்தியாலத்தில் மழை போய்ப் பளீரென்று வெயில். சீலை உடம்பிலேயே காய்ந்தது.

அதன்பிறகு நடந்தோம், நடந்தோம், மேட்டைக் காணவில்லை. பெரிய பள்ளம் ஒன்று. அடியில் பச்சையாய்த் தண்ணீர் தேங்கியிருந்தது. சுற்றிலும் டயர்த் தடங்கள். வேரோடு சாய்ந்த பனை வடலிகள்.

"மூண்டாவது எங்கையடி?" என்று கேட்டேன்.

"நீ நிக்கிற இடந்தான் மூண்டாவது," என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் அவள் சொன்னாள். இங்கே ஒரு மேடு நின்றதாம். போன வருடம் வரைக்கும் நின்றதாம். அள்ளி அள்ளி, தரையையும் தாண்டி அள்ளி, கடைசியில் கடல்தண்ணீர் ஊறி வந்ததும் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பள்ளத்துக்கு அப்பால் ராணி முன்பு தண்ணீர் அள்ளிய துரவு இருந்தது. மேட்டடியில் கையால் தோண்டிய, கட்டில்லாத சின்னக் கிணறு. மழைத்தண்ணீரை மேடு பிடித்து வைத்து, அடியில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். அதுதான் கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர். ராணி ஒரு கை அள்ளித் தந்தாள். குடித்துத் துப்பினேன். உவர்.

"இஞ்சாலை உள்ளது போட்டுது. அஞ்சாவது மேட்டடியிலை இன்னொரு துரவு இருக்கு. ஊர்ச் சனம் முழுக்க இப்ப அதிலைதான். அதுவும் போனா நாங்கள் வெளிக்கிட வேண்டியதுதான். இன்னொருக்காச் சட்டி பானை தூக்க என்னாலை ஏலாது," என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை. எனக்கு அதுதான் கோபம்.

"பொலிசுக்குச் சொல்லேல்லையோ?"

"சொன்ன ஆக்களின்ரை வலையை வெட்டிப் போட்டாங்கள். நீயும் எழுதேக்கை ஊரின்ரை பேரைப் போட்டிடாதை."

நாலாவது மேட்டை நான் பார்க்கவே இல்லை என்று சொல்லலாம். ஏறினேன், இறங்கினேன். உச்சியில் நின்றபோது மறுபடியும் தூறியது. ஐந்தாவதுதான் கண்ணுக்குள் நின்றது. எல்லாவற்றிலும் உயரமானது அது. அதன் ஒரு பக்கத்தைப் பிய்த்துத் தின்ற மாதிரி செங்குத்தாய் வெட்டியிருந்தார்கள். வெட்டின இடத்தில் ஓர் உழவு இயந்திரம், பெட்டி பூட்டி நின்றது. இரண்டு பேர் சவளால் மண்ணை வாரி ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

ராணி அவர்களைப் பார்க்காத மாதிரி மறுபக்கத்தால் உச்சிக்கு ஏறினாள். அங்கே காற்று ஆளைத் தள்ளியது. மண்ணில் கையால் ஒரு குழி பறித்து, சிட்டியை வைத்து, எண்ணெய் விட்டு, உடம்பால் மறைத்துக்கொண்டு ஏற்றினாள். அவள் புருசன் விடியவே கடலுக்குப் போயிருந்தார். வாடைக் காலத்தில் வீட்டு ஆண்கள் கடலில் நின்றால் இந்த மேட்டில் விளக்கு ஏற்றுவது இந்த ஊர்ப் பெண்களின் வழக்கம். திரி எரிந்து முடிந்ததும் சிட்டியின் மூக்கை ஒரு சிப்பியால் தட்டி உடைத்து அந்தக் குழிக்குள்ளேயே மூடினாள்.

"ஏன் உடைக்கிறாய்?"

"ஒருத்தருக்கு ஏத்தினதை இன்னொருத்தர் எடுத்து ஏத்தக்கூடாது. திருப்பி வீட்டை கொண்டுபோகவும் கூடாது. என்ரை மாமியின்ரை சிட்டியள் எல்லாம் இதுக்குள்ளைதான் கிடக்கு."

கீழே சவள் விழுந்தபோது வெட்டுச் சுவரிலிருந்து மண் சரிந்தது. அதற்குள் கறுத்த சிட்டி ஓடுகள் உருண்டதை இரண்டு பேரும் பார்த்தோம். ராணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என்னால் முடியவில்லை. வழுக்கிக்கொண்டு கீழே இறங்கினேன்.

"அண்ணை, உதென்ன வேலை? ஆரைக் கேட்டு அள்ளுறியள்?"

சாரதி என் வயதுக்காரர். பெட்டியில் சாய்ந்துகொண்டு வெற்றிலை போட்டார். "அக்கா, நான் ரோட்டடி மட்டும் கொண்டுபோய்க் குடுக்கிறன். அங்கை டிப்பர் நிக்கும்."

"அங்காலை எங்கை போகுது?"

"வீடு கட்டுற ஆக்களிட்டை. கேக்கிற சனம் இருக்கிறபடியாலைதானே அள்ளுறம். உங்கடை வீட்டுச் சுவர் என்ன, தனிச் சீமெந்திலையோ நிக்குது?"

அதைக் கேட்டதும் எனக்கு வெறியே வந்தது. திரும்ப உச்சிக்கு ஏறி, இரண்டு கையாலும் மண் அள்ளினேன்.

"இந்த மண்ணிலை வீடு கட்டுறவன் ஆராயிருந்தாலும் நாசமாப் போக!" என்று கத்தித் தூற்றினேன். இன்னொரு தரம் அள்ளினேன். "அந்த வீட்டிலை விளக்கு எரியக்கூடாது!"

ராணி பாய்ந்து என் கையைப் பிடித்தாள். "எடியே, விடு. மூண்டாம் தரம் தூத்தாதை, பலிச்சிடும். நாங்களே இவ்வளவு நாளும் தூத்தேல்லை. அது ஆரிலை போய் விழுமெண்டு ஆருக்குத் தெரியும்?"

"விழட்டும்!" கையை உதறிவிட்டு மூன்றாம் தரமும் தூற்றினேன். "அங்கை வாழப்போறவள் கண்ணீரோடை திரிய!"

அந்த நேரம் பார்த்துக் காற்று தரைப்பக்கத்திலிருந்து திரும்பி அடித்தது. தூற்றிய மண் முழுக்க என் கண்ணிலும் வாயிலும்தான். கீழே அந்த மனிதர்கள் சிரித்தது கேட்டது. பிறகு மழை கொட்டியது. ராணி என் கையைப் பிடித்து, கண் தெரியாதவளை நடத்துகிற மாதிரி, மேட்டடித் துரவுக்குக் கூட்டிப்போய் முகம் கழுவிவிட்டாள். அந்தத் தண்ணீர் இன்னும் இனிப்பாகத்தான் இருந்தது.

ஓட்டோவில் ஏறும்போது அவள் ஒன்று மட்டும் கேட்டாள். "நீ ஊரெல்லாம் திரியிறனி. எங்கடை மண் எங்கை போய்ச் சேருதெண்டு எப்பவாவது கண்டா எனக்கொருக்காச் சொல்லு."

"கண்டா, சொல்லிப்போட்டுத்தான் விடுவன். அந்த வீட்டு வாசலிலை நிண்டு காறித் துப்பிப்போட்டு வருவன்," என்றேன்.

சண்டிலிப்பாய்ச் சந்தியில் நான் இறங்கியபோது பொழுது பட்டுக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் மழையே இல்லை, தரை காய்ந்து கிடந்தது. எங்கள் வாசல் படலையடியில் மட்டும் ஈரமாய், வெள்ளையாய், இடுப்புயரத்துக்கு ஒரு குவியல்.

இவர் சந்தோசமாக வந்தார். "பாத்தீரோ மண்ணை! மத்தியானம்தான் டிப்பரிலை வந்து பறிச்சவங்கள். உப்பில்லாத நல்ல மண்ணாம். மேசன்தான் பிடிச்சுத் தந்தவன். பிள்ளையின்ரை அறைக்கு நாளைக்குப் பூச்சுத் தொடங்கலாம்."

நான் பையை நிலத்தில் போட்டுவிட்டுக் குவியலுக்குள் கையை விட்டேன். உமக்கென்ன விசரோ என்று கேட்கிற மாதிரி இவர் பார்த்தார். முழங்கை வரைக்கும் விட்டுத் துழாவினேன். விரலில் ஓடு தட்டியது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். புகை பிடித்துக் கறுத்த சிட்டி. மூக்கு உடைந்திருந்தது.

"ஆரைக் கேட்டு வாங்கினீங்கள்?" என்று கத்தினேன். அடுத்த வீட்டில் விளக்குப் போட்டார்கள். "இப்பவே அவங்களைக் கூப்பிட்டுத் திருப்பி அனுப்புங்கோ!"

"திருப்பினா உது மேட்டுக்கோ போகப்போகுது? இன்னொரு வீட்டுக்குத்தான் போகும்," என்றார் இவர். உண்மைதான். அந்த உண்மைக்காகவும் அவரைத் திட்டினேன். உள்ளேயிருந்து மகள் எட்டிப் பார்த்து, "ஏனம்மா, கண்ணெல்லாம் இப்பிடிச் சிவந்து போய்க் கிடக்கு?" என்று கேட்டாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

போன் அடித்தது. ராணிதான்.

"வீட்டை போய்ச் சேந்திட்டியோ? இவரும் கரைக்கு வந்திட்டார்."

"ஓம். ராணி, உங்கடை மண் எங்கை வந்து சேந்ததெண்டு கண்டிட்டன்."

"ஆரின்ரை வீட்டை?"

"எங்கடை. பிள்ளையின்ரை கலியாண அறைக்கு."

சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"அழாதை," என்றாள் கடைசியில். "நாளைக்கு மேடு இருந்தா, உன்ரை பிள்ளைக்கும் ஒரு சிட்டி ஏத்திறன்."