பன்னிரண்டாயிரம் காலடிகள்

பத்துக் கிலோ குறைந்தால்தான் குழந்தைப்பேற்றுக்கான சிகிச்சையைத் தொடங்குவேன் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். எனக்கு மட்டுமல்ல. விவேக் நகரில் என்னோடு ஆபீஸ் பஸ் ஏறி, தினமும் என் பக்கத்தில் உட்காரும் தோழிக்கும் அதே டாக்டர், அதே பேச்சு. இருவருக்குமே கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல்.

அந்த வருஷம் ஆபீஸில் எல்லோருக்கும் இடுப்பில் மாட்டிக்கொண்டால் காலடி எண்ணும் பீடோமீட்டர் கொடுத்தார்கள். என்னுடையது தினமும் பன்னிரண்டாயிரம் காலடி காட்டியது. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் பில் சரிபார்க்கிறவள் நான். கேன்டீனுக்கும் பிரின்டருக்கும் நடப்பதெல்லாம் சேர்ந்து இவ்வளவு ஆகிறதாக்கும் என்று எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

டயட்டீஷியன் கொடுத்த தாளில் நடமாட்டத்துக்கு நான்கு படிகள். படி உயர உயர, சாப்பிடக்கூடிய கலோரியும் உயரும். நான் யோசிக்காமல் மூன்றாவது படியை டிக் செய்தேன். தோழி முதல் படியை, அதாவது நாலாயிரம் காலடிக்கும் குறைவாக, உட்கார்ந்தே வேலை செய்கிறவர்களுக்கு உரியதை, டிக் செய்தாள்.

“சோம்பேறி! நாலாயிரம்கூடத் தாண்டலியா உனக்கு?” என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சிரித்தேன்.

என் படிக்கு உரியதை மனசாட்சியோடு சாப்பிட்டேன். ஒரு பருக்கைகூட ஏமாற்றவில்லை. மூன்று மாதத்தில் ஒரு கிலோ ஏறியது. தைராய்டு சோதனை செய்துகொண்டேன், குளியலறையில் அழுதேன். அவள் ஒன்பது கிலோ குறைந்திருந்தாள். நான் எங்கே தப்புப் பண்ணுகிறேன் என்று அவளிடமே கேட்டேன்.

“சில பேருக்கு ஒடம்பு வாகே அப்படி” என்றாள்.

ஒருநாள் காலை, ஓசூர் ரோட்டில் தோண்டிப்போட்டிருந்த இடத்தில் பஸ் குதித்துக் குதித்துப் போனது. பொழுது போகாமல் மீட்டரைப் பார்த்தேன். உட்கார்ந்திருந்த எனக்கு அது காலடி எண்ணிக்கொண்டிருந்தது. போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம்.

பதறிப்போய் அவளிடம் காட்டினேன். அவள் பதறவில்லை.

“ஆமா, பஸ் குலுங்கினா எண்ணும். நான் ஏறும்போதும் எறங்கும்போதும் பாத்துனு கழிச்சிடுவேன்.”

“எப்பத்திலேர்ந்து தெரியும்?”

“மொத வாரமே.”

“ஏண்டி எங்கிட்ட சொல்லல?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “எல்லார் எதிர்லயும் சோம்பேறின்னியே, அப்போ கோவம். அப்புறம்... உனக்கு முந்தி எனக்கு ஆயிடணும்னு இருந்துச்சு. தப்புதான்.”

மீட்டரை மன்னித்துவிட்டேன். பள்ளத்துக்கும் காலடிக்கும் வித்தியாசம் தெரிய அதற்கு அறிவா இருக்கிறது? அவளை மன்னிக்க முடியவில்லை, இன்று வரைக்கும். அடுத்த மாதமே அவளுக்கு டாக்டரிடம் தேதி கிடைத்துவிட்டது. நான் முதல் படியிலிருந்து மறுபடி தொடங்கினேன். முப்பத்தெட்டு வயதில் மூன்று மாதம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அவளுக்கும் முப்பத்தெட்டுதான்.