டவர் கிடைத்த இடத்தில் ஒரு ஃபைனல்

ஆண்டுதோறும் நடக்கும் சர்வதேச பேட்மிண்டன் போட்டியின் இறுதி ஆட்டத்தை, மரக்காணம் போகும் பஸ்ஸில் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி கேம், இருபதுக்கு இருபது. பயணிகள் என் தோள்மேல் சாய்ந்து நின்றார்கள்.

"உப்பளம் வந்தா டவர் கிடைக்காது," என்றார் கண்டக்டர்.

பக்கத்து சீட் மீன்கார அம்மா குரல் கொடுத்தார். "டிரைவரே, ஓரங்கட்டுங்க. நம்ம பொண்ணு ஜெயிக்கறத பார்த்துட்டுப் போலாம்."

டிரைவர் திரும்பினார். "ஏம்மா, ஐஸ் கரைஞ்சா உன் மீனு வீணாயிடும்."

"கரையட்டும்பா."

பஸ் நின்றது. கூடைத் தண்ணீர் என் செருப்பை நனைத்தது. அடுத்தடுத்து இரண்டு ஸ்மாஷ். நம் நாட்டுப் பெண் ஜெயித்தாள். பஸ்ஸே அதிர்ந்தது. எல்லாரையும்விட உரக்கக் கத்திய அந்த அம்மா கேட்டார்: "தம்பி, இதுல நம்ம பொண்ணு எது?"

திரையைத் தொட்டுக் காட்டினேன்.

"ஒல்லியா இருக்கா. சாப்பிட்டாளா?"

பல வருடங்களாக விளையாட்டுச் செய்தி எழுதுகிறேன். இந்தக் கேள்வியை யாரிடமும் ஒருமுறைகூட நான் கேட்டதில்லை.